ஆசியா உம்மாள் கிணற்றுக்கு மேற்கு

"வாசிங்க அண்ணாச்சி. நாலு எல்லையும் விடாம வாசிங்க" என்று சொல்லிவிட்டு ஜமீலா பீவி கண்ணை மூடிக்கொள்வார். பத்திர எழுத்தர் நமச்சிவாயம் மூச்சுவிடாமல் வாசிப்பார். பாத்தியதை, வில்லங்கம் எதுவும் இவர் காதில் ஏறாது. சொத்து விவரம் தொடங்கியதும் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவார். "ஆசியா உம்மாள் கிணற்றுக்கு மேற்கு" என்று வரும். சில பத்திரங்களில் தெற்கு, சிலவற்றில் வடக்கு. அந்த வரி வந்ததும் கண்ணைத் திறந்து, "பேனாவக் குடுங்க" என்பார்.

ஸ்ரீவைகுண்டத்தில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாட்சிக்கு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் இவர் பழக்கம். மேலப்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முட்டி வீக்கம், சர்க்கரை. வயர் கூடையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் ஆதார் அட்டையும் இருக்கும்.

வாப்பா முகம்மது மைதீன் விட்டுப்போன வயலை அண்ணன்மார் துண்டு துண்டாக விற்றார்கள். அவர்களுக்குப் பின் பிள்ளைகள் விற்கிறார்கள். இவருக்குப் பங்கு கொடுக்க யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழில் பெயர் இருக்கிறதே! இவர் கையெழுத்துப் போடாமல் ஒரு துண்டும் விலைபோகாது. கல்யாணத்துக்குச் சொல்லாதவர்கள்கூட கிரயத்துக்குக் கார் அனுப்புவார்கள். கையெழுத்து விழுந்ததும் கறிவேப்பிலைக் கதைதான். திரும்பிப் போக பஸ்.

ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த எல்லையவே ஏன் கேக்கிய?" என்றேன்.

"அது எங்க உம்மா பேரு தம்பி. நகைய வித்துத் தோண்டின கிணறு. நான் பால்குடி மறக்கதுக்கு முன்னாலயே மவுத்தாயிட்டாவ. ஒரு போட்டோ கெடையாது, ரேஷன் கார்டு கெடையாது. அடக்குன கபுருல ஒரு கல்லும் கெடையாது. இந்தப் பத்திரத்துலதான் இருக்காவ."

எத்தனை பழைய பத்திரங்களுக்கு ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன்! வாங்கியவன், விற்றவன், அவன் தகப்பன், பாட்டன் எல்லாரும் நடுப்பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் இருந்தால் எல்லையில்தான் இருப்பார்கள். அதுவும் ஒரு கிணறோ தோட்டமோ பேரில் இருந்தால்.

போன மாதம் அண்ணன் மகன் அலி அஸ்கர் சவுதியிலிருந்து வந்து கடைசித் துண்டை விற்றான். கிணறு இருந்த துண்டு. மண்ணடித்து மூடி மனையாக்கியிருந்தான். நமச்சிவாயம் வாசித்தார். கிழக்கே ரோடு, வடக்கே ரோடு, மற்ற இரண்டு பக்கமும் மனை நம்பர். வாசித்து முடித்தார். ஜமீலா பீவி கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார்.

"உம்மா பேரு எங்க அண்ணாச்சி?"

"இதுவரைக்கும் பக்கத்து நெலத்த வித்திய, கிணறு எல்லையா நின்னுது. இப்பம் கிணத்தையேல்லா விக்கிய? அதுக்கு அதுவே எப்படிம்மா எல்லையாவும்?"

"மூடுன கிணத்துக்குப் பேரு என்னத்துக்கு மாமி?" என்றான் அலி அஸ்கர். "வாங்குதவங்க காத்துக்கிட்டு இருக்காவ. போட்டுட்டு வாங்க."

"பங்கு கேக்கலியே வாப்பா. ஒரு வரிதான கேக்கேன்."

அவன் செல்போனைப் பார்த்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. சாட்சிக்கு வந்தவன், அடக்கிக்கொண்டேன். டோக்கன் கூப்பிட்டாயிற்று, இனி திருத்தி அச்செடுக்க நேரமில்லை என்றார் நமச்சிவாயம்.

போட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். இவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. "யா அல்லா, போதும்" என்று ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவை வாங்கினார். எப்போதும் 'மு. ஜமீலா' என்று ஒரே இழுப்பில் கிறுக்குகிறவர், அன்று குனிந்து, எழுத்துக்கூட்டி எழுதினார். "என்ன மாமி எழுதுதிய?" என்று எட்டிப் பார்த்தான் அலி அஸ்கர். அவர் நிமிரவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதினார்: ஆசியா உம்மாள் மகள் ஜமீலா பீவி.

கடைசிப் பக்கத்தையும் முடித்து, தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சாட்சி போடுங்க தம்பி."