நூறு மார்க் வாங்கிய இருபத்தோரு பட்டன்கள்

திங்கட்கிழமை காலை 9.10. ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, பிரகாஷின் மானிட்டரில் ஒரு பச்சை வளையம். உள்ளே 100 என்ற எண். அவர் அதைப் படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டிருந்தார். கீழே ஒன்பது கைதட்டல்கள்.

பிரகாஷ் எங்கள் டெவலப்பர், கிருஷ்ணகிரிக்காரர். நான் பத்திரிகை டெஸ்க்கில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, வெப்சைட்களின் எழுத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவன். சப்போர்ட் போனும் என் மேஜையில்தான் இருந்தது.

அந்த வளையம் ஒரு இலவச டூல் காட்டுவது. பார்வையற்றவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் ஒரு பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்து மார்க் போடும். எழுத்தின் நிறம் பின்னணியில் கரைந்தால் சொல்லும். பட்டனுக்கு, திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதற்கான பெயர் இல்லாவிட்டாலும் சொல்லும்.

எங்கள் கிளையன்ட் ஒரு கால் சென்டர். ஊழியர்கள் அடுத்த வார ஷிஃப்ட்டைத் தேர்வு செய்யும் பக்கத்தை நாங்கள் செய்திருந்தோம். ஏழு நாள், நாளுக்கு மூன்று ஷிஃப்ட், இருபத்தோரு பட்டன்கள். பகலுக்குச் சூரியன், மாலைக்குப் பாதிச் சூரியன், இரவுக்கு நிலா. எழுத்து கிடையாது. பார்க்க அழகாக இருந்தது. நானும் ஓகே சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை டூல் 61 கொடுத்தது. ஒப்பந்தப்படி 90 வேண்டும். பிரகாஷ் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாப் பட்டன்களுக்கும் ‘பட்டன்’ என்றே பெயர் வைத்தார். பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் டூல் பார்க்கும். நூறு வந்தது. அறிக்கை கிளையன்ட்டுக்குப் போனது.

திங்கள் பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. 10.20க்குப் போன் வந்தது.

“சார், விவேக் நகர்லருந்து ஸ்டெல்லா பேசறேன். கால் சென்டர்ல ஆறு வருஷமா இருக்கேன். எனக்குக் கண்ணு தெரியாது, ஸ்கிரீன் ரீடர்லதான் வேலை. உங்க பேஜு என்னா சொல்லுதுன்னு நீங்களே கேளுங்க.”

ஸ்பீக்கரில் கணினியின் குரல் வந்தது. “பட்டன், பட்டன். பட்டன், பட்டன்.”

“எங்க தெருவுல பாதிப் பொண்ணுங்க பேரு மேரிதான் சார். ஆனா இனிஷியலாவது மாறும்.”

“எந்த ஷிஃப்ட்டும்மா வேணும்?”

“பகல்தான். வீட்டுக்காரர் நைட் செக்யூரிட்டி. பாப்பாவுக்கு நாலு வயசு. போன மாசம் நைட் போட்டாங்க, போவல. வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னொரு லெட்டர் வந்தா வேலை காலி.”

பன்னிரண்டு மணிக்குப் பக்கம் மூடிவிடும். தேர்வு செய்யாதவர்களுக்கு மிச்சமிருக்கும் இடம் தானாகப் போகும். மிச்சமிருப்பது பெரும்பாலும் இரவு.

எத்தனையாவது பட்டன் என்று எண்ணிச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் நிரம்பிய ஷிஃப்ட்டின் பட்டன் மறைந்துவிடும்படி செய்திருந்தோம். எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறியது.

“குத்துமதிப்பா ஒண்ணு அழுத்தட்டுமா சார்?”

“வேணாம்மா, அழுத்துனா மாத்த முடியாது. பத்து நிமிஷம் குடுங்க.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

“ஸ்கோர் நூறு இருக்குண்ணா,” என்றார் பிரகாஷ். “அந்தம்மா சாஃப்ட்வேர் பழசா இருக்கும்.”

சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்தேன். “மவுஸைத் தொடாத. டேப் கீ, என்டர் கீ மட்டும். செவ்வாய்க்கிழமை பகல் போடுப்பா.”

மூன்று நிமிடம் கழித்து மானிட்டரைப் போட்டேன். வியாழக்கிழமை இரவு பதிவாகியிருந்தது. பிரகாஷ் தன் ஸ்கிரிப்டைத் திறந்தார்.

பத்திரிகையில் இடம் பிடித்து வைக்க ‘படக்குறிப்பு இங்கே’ என்று போடுவோம். ஒருமுறை அது அப்படியே அச்சாகிவிட்டது. மறுநாள் காலை ஊரே படித்தது. இந்தப் பட்டன்களின் பெயரைக் கேட்கக்கூடியவர்கள் அந்தக் கால் சென்டரில் மூன்றே பேர்.

இருபத்தோரு பெயர்களையும் நான் எழுதினேன். ‘செவ்வாய், பகல், ஆறு முதல் இரண்டு வரை’ என்கிற மாதிரி. 11.35க்கு ஏற்றினோம். பிரகாஷ் டூலை மறுபடி ஓட்டினார். முன்பும் நூறு, இப்போதும் நூறு.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் டூலை ஓட்டத்தான் வேண்டும். கண்ணுக்குத் தப்புவதை அது பிடிக்கும். அதற்குப் பிறகு மானிட்டரை அணைத்துவிட்டு, பக்கம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்தை ஒருமுறை முடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மார்க் கிடையாது.

ஸ்டெல்லாவை அழைத்தேன்.

“இப்ப நல்லா சொல்லுது சார். சனி பகல், ஞாயிறு பகல். மத்த பகல் எல்லாம் போச்சா?”

“போச்சும்மா.”

அவர் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் வேலை; மற்ற மூன்று நாட்களுக்குத் தானாக இரவு விழுந்தது. தவறு எங்களுடையது, அவருக்கு ஷிஃப்ட்டை மாற்றித் தாருங்கள் என்று கிளையன்ட்டுக்கு மெயில் எழுதினேன். நான்கு மணிக்குப் பதில் வந்தது. பக்கம் சரியாக இருப்பதாக நீங்களே சான்று கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி. இணைப்பில் எங்கள் அறிக்கை, பச்சை வளையத்தோடு.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல் பக்கம் திறந்தது. இருபத்தோரு பட்டன்களுக்கும் பெயர் இருந்தது. ஊழியர் பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லை.