எக்ஸ்பிரஸ் பிடித்த சதி

வெளிநாட்டுக் கார் விற்கும் அந்த ஷோரூமில் அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். வாடிக்கையாளர் ஒருவர் "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்து முடிப்பதற்குள் அவருடைய பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள், மனைவி நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பாள். விற்பதற்காகச் சொல்லும் பேச்சு இல்லை அது. அந்தக் காரை அவள் மனதார நம்பினாள்.

அவளுடைய அண்ணன் வேலை பார்ப்பது உள்நாட்டுக் கார் கம்பெனியில், பெயின்ட் பிரிவில். அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு மேஜையில் சந்தித்தால் இரண்டு கம்பெனி முதலாளிகளே எதிரெதிரே உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்பவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் மேலே போவதும் கீழே வருவதும் தவிர வேறு எதிலும் கட்சி சேரமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் கார்கள் திடீரென்று தானாக வேகமெடுத்து ஓடுகின்றனவாம். ஒருவர் கடைச் சுவரில் மோதினார், இன்னொருவர் குளத்தில் இறங்கினார். தினம் ஒரு கதை. ஷோரூமில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. எக்ஸ்பிரஸுக்கு ரத்தம் கொதித்தது.

"இது சதி! எங்க கார் விக்க ஆரம்பிச்சதுல இருந்து உங்க கம்பெனிக்கு வயித்தெரிச்சல். கூலிக்கு ஆள் வெச்சுப் புரளி கிளப்புறீங்க!" என்று அண்ணனிடம் போனில் பொரிந்து தள்ளினாள்.

"ஏம்மா, பெயின்ட் அடிக்கிறவன் நான். என்கிட்ட சொல்லிட்டா சதி பண்ணுவாங்க?" என்றான் அண்ணன். "மிதிச்ச ஆக்சிலேட்டர் மேல வரலன்னு இத்தனை பேர் சொல்றாங்களே, எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க! காசு வாங்கினவங்க சொல்லுவாங்க!"

மறுநாள் காலையில் தொலைக்காட்சியில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி. அதே கார், அதே மாடல். செய்தியாளர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், கார் திடீரென்று பாய்கிறது, மீட்டர் முள் துள்ளிக் குதிக்கிறது, அவர் ஐயோ என்று கத்துகிறார். எக்ஸ்பிரஸ் அதைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். காபி ஆறிப்போனது. மீட்டர் வரும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். விரலால் பெரிதாக்கினாள். அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் கணவர் வாயில் பல்துலக்கும் பிரஷோடு ஓடி வந்தார்.

"பாருங்க! இந்தச் சிவப்பு லைட் என்ன?"

"என்ன?"

"கதவு திறந்திருந்தா எரியற லைட்டுங்க! வெளியிலிருந்து எடுத்த படத்துல எல்லாக் கதவும் மூடியிருக்கு. மீட்டரை மட்டும், வண்டியை எங்கயோ நிறுத்தி வெச்சு, கதவைத் திறந்து போட்டுக்கிட்டு எடுத்திருக்காங்க. ரெண்டையும் ஒட்டிட்டாங்க! பிடிச்சுட்டேன்! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!"

கணவர் நுரை வழிய உற்றுப் பார்த்தார். அவள் சொன்னது உண்மைதான்.

அந்தப் படத்தோடு தன் குரலையும் சேர்த்து அவள் பரப்பிவிட்டாள். காட்டுத்தீ தோற்றது. கார் சொந்தக்காரர்கள் கூடிப் பேசும் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் மழை. மூன்றாம் நாள் தொலைக்காட்சி நிலையம் மன்னிப்புக் கேட்டது. காட்சியை "விறுவிறுப்புக்காக"த் தனியாக எடுத்துச் சேர்த்தார்களாம். ஷோரூம் மேனேஜர் கேக் வாங்கி வந்து அவள் கையாலேயே வெட்டச் சொன்னார். எக்ஸ்பிரஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய்தானே? சதி வெட்டவெளிச்சமாகிவிட்டதே!

"இத்தோட விடக்கூடாது சார். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுங்க. அவங்க கண்ணு முன்னாடி நானே ஓட்டிக் காட்டுறேன்" என்றாள். மேனேஜருக்கும் அது இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பொருட்காட்சி மைதானம். கேமராக்கள், கார் சொந்தக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். வேடிக்கை பார்க்க அண்ணனும் வந்திருந்தான். அவனைக் கண்டதும் எக்ஸ்பிரஸுக்கு உற்சாகம் பீறிட்டது.

"வாண்ணா, பின்னாடி ஏறு! உங்க சதி எப்படிப் புட்டுக்குதுன்னு உள்ள உக்காந்தே பாரு!"

கால்மிதியில் பெடல் சிக்குவதாகவும் ஒரு பேச்சு இருந்ததால், அதை எல்லோரும் பார்க்க உருவி எடுத்து வெளியே போட்டாள். கார், ஷோரூம் வாசலில் பளபளவென்று நிற்கும் சோதனை ஓட்ட வண்டிதான், தினம் அவள் ஓட்டுவது. முதல் சுற்று பட்டுப்போல் போயிற்று. இரண்டாவது சுற்றில் நேரான பாதை வந்ததும் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினாள். கார் சீறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. வளைவு வந்தது. காலை எடுத்தாள்.

வேகம் குறையவில்லை.

குனிந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. பெடல் கீழேயே கிடந்தது. பிரேக்கை மிதித்தாள்; கார் முரண்டு பிடித்ததே தவிர நிற்கவில்லை. எதிரே தடுப்புக் கயிறு, அதற்குப் பின்னால் கேமராக்காரர்கள்.

"தங்கச்சி!" என்று அலறினான் அண்ணன்.

அவள் கியரைத் தட்டி நியூட்ரலில் தள்ளினாள். இன்ஜின் காது கிழியக் கத்தியது, ஆனால் சக்கரங்கள் அதன் பிடியிலிருந்து விடுபட்டன. இரு கால்களாலும் பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கை ஒடித்தாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் அரை வட்டம் அடித்து நின்றது. சாவியைத் திருப்பியதும் மைதானமே ஊமையானது போலிருந்தது.

முதலில் ஓடி வந்தவர் மேனேஜர். ஜன்னலில் தலையை நுழைத்து, "செருப்பு மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு" என்று கிசுகிசுத்தார். பின்னாலேயே மைக்குகள் வந்துவிட்டன. என்ன ஆச்சு மேடம், என்ன ஆச்சு?

அண்ணன் பின் சீட்டில் வெளிறிப்போய் இருந்தான். அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை. எக்ஸ்பிரஸ் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"காலை எடுத்துட்டேன். பெடல் மேல வரல. நீங்களே குனிஞ்சு பாருங்க, இன்னும் கீழதான் இருக்கு."

அவள் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான் என்று கணவர் இன்றும் சொல்வார்.

அன்று மாலையே வாட்ஸ்அப் குழு அவள்மீது பாய்ந்தது. 'விலைக்கு வாங்கிவிட்டார்கள்!' 'கூடப் பிறந்தவனே அந்தக் கம்பெனியில் இருக்கிறானாம்!' 'பின் சீட்டில் அவனை ஏன் ஏற்றினாள்? அவன்தான் ஏதோ செய்திருக்கிறான்!' அவள் கற்றுக்கொடுத்த வாதங்கள், அவளுடைய சொற்களிலேயே. படிக்கப் படிக்க அவளுக்கு அழுகை வந்தது. நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. போனை அண்ணனிடம் நீட்டினாள்.

"பார்த்தியா? நீ பெரிய சதிகாரனாம்."

"அடப்பாவிகளா! பெயின்ட் பிரிவுல எனக்கு இன்னும் பிரமோஷனே வரலயே!" என்றான் அவன்.

பிறகு கம்பெனி தலைமையகத்திலிருந்து ஆட்கள் பறந்து வந்தார்கள். சோதனை வண்டியைப் பிரித்தார்கள். பெடலின் மூட்டில் இருந்த ஒரு சின்னத் துண்டு தேய்ந்து, ஈரமும் சேர்ந்தால் இறுகிக்கொள்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லாக் கார்களையும் வரவழைத்து அந்தத் துண்டை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். வந்தவர்களோ பாதிப்பேர்தான். மீதிப்பேர் சதியை நம்பி வீட்டிலேயே இருந்தார்கள்.

வேலை போகும் என்று காத்திருந்த எக்ஸ்பிரஸை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். அவள் கண்ணைப் பார்க்காமல் போனை நகர்த்தி வைத்தார். "வராதவங்களை வரவைக்கணும். உன்னை விட்டா யாரும் இல்ல" என்றார்.

ஒவ்வொரு கார் சொந்தக்காரராகப் போனில் கூப்பிட்டாள். திட்டு வாங்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே சீறினார்.

"டிவிக்காரன் பண்ணின பித்தலாட்டத்தைக் கண்டுபிடிச்சதே நீதானேம்மா! இப்ப நீயே மாத்திப் பேசறியே, வெட்கமா இல்ல?"

"அவன் பண்ணினது பித்தலாட்டம்தான் சார். ஆனா அன்னைக்கு என் கால் பொய் சொல்லல. எங்க அண்ணன் பின்னாடி உக்காந்திருந்தான் சார். உங்க வண்டியில பின்னாடி யார் உக்காருவாங்க?"



"பேத்தி" என்றார் அவர், சீற்றம் இறங்கி. "நாளைக்குக் காலையில கொண்டு வரேன். ஆனா ஒண்ணு, மாத்தற வரைக்கும் நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

"நில்லுங்க சார், தாராளமா நில்லுங்க! நாற்காலியே போட்டுத் தரேன். நாளைக்கு ஓட்டிட்டு வரும்போது மட்டும் ஏதாவது தகராறு பண்ணினா பதறாதீங்க, நேரா நியூட்ரலுக்குத் தள்ளுங்க. அப்புறம் சார், ஹைவே பக்கம் போகாம உள் ரோட்டுலயே வாங்க, மெதுவா வாங்க, பேத்தியைக் கூட்டிட்டு வராதீங்க..."

அவர் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.