படிக்கக் காரணம் என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். இறுதியாண்டு மாணவர்களுக்குத் திடப்பொருள் இயக்கவியல் விருப்பப்பாடம். பாரம் ஏறும்போது இரும்பு உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பாடம். இருபது இடங்கள். யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க நானே ஒரு படிவம் தயாரித்தேன். முன்பு எங்கே படித்தாய், எந்த மொழியில், கணிதத்தில் எத்தனை மதிப்பெண், இந்தப் பாடத்தைப் படிக்கக் காரணம் என்ன. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், இரண்டு பிரதிகள். இரண்டாவது பிரதியை எந்தக் காலத்திலும் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அது இல்லாத விண்ணப்பத்தை நான் வாங்கியதில்லை.

காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலோர் மேற்படிப்புக்கு உதவும் என்று எழுதியிருந்தார்கள். விடுதியில் ஒருவன் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியது. ஒருவன் மட்டும், வெள்ளிக்கிழமை மதியம் இந்தப் பாடத்துக்கு வகுப்பு இல்லை, ஊருக்கு பஸ் பிடிக்க வசதி என்று உண்மையைச் சொல்லியிருந்தான். அவனையும் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது.

ஒரே ஒரு படிவம் தமிழில் வந்தது. நாமக்கல் பக்கத்துப் பையன், அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. தமிழ் வழிப் பள்ளி, பிறகு பாலிடெக்னிக், அங்கிருந்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். கணித மதிப்பெண் நான் வைத்த வரம்புக்கு மேலேயே இருந்தது. காரணம் இப்படி எழுதியிருந்தான்: ‘லாரியின் சேஸிஸ் சட்டம் விரிசல் விட்டால் அதன்மேல் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடிப்போம். அந்த இடம் மறுபடி உடைவதில்லை. பட்டை முடிகிற இடத்தில் உடைகிறது. அப்பா இன்னும் நீளமான பட்டை வைக்கிறார். அதுவும் முடிகிற இடத்தில்தான் உடைகிறது. ஏன் என்று தெரிய வேண்டும்.’

அந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தினேன். அதைவிட நல்ல காரணத்தை நான் படித்ததில்லை. அன்று அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

“தம்பி, இது விண்ணப்பமா, ஒர்க்‌ஷாப் ரிப்பேர் சீட்டா?”

பின் வரிசையிலிருந்து ஒருவன், “சார், பஞ்சர் ஒட்டவும் ஒரு பாடம் வைங்க சார்” என்றான். வகுப்பே சிரித்தது. நான் அடக்கவில்லை.

நாமக்கல் பையன் எழுந்து நின்றான். “இங்கிலீசுல எழுதுனா இத்தனையும் வரலீங்க சார். வேணுமுன்னா மாத்தி எழுதித் தாரேனுங்க.”

“கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டது” என்றேன். அந்தக் கடைசி நாளை வைத்தவனும் நான்தான். படிவத்தில் ‘விதிப்படி நிரப்பப்படவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். அவனுக்கு நிர்வாகவியல் பாடம் ஒதுக்கப்பட்டது.

இரண்டு வாரத்தில் ஒருவன் விலகி, ஓர் இடம் காலியானது. துறைத் தலைவர் யாரையாவது போடச் சொன்னார். விதியில் அதற்கு வழி இருந்தது. எப்போதும் இருக்கும். நாமக்கல் பையனைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

“இடம் காலியாயிருக்கு. வந்து கையெழுத்துப் போடு.”

கை துடைத்துக்கொண்டே சொன்னான். “வேண்டாமுங்க சார். லைப்ரரில புத்தகம் எடுத்து நானே பாத்துக்கறேனுங்க. அந்தப் பசங்க நடுவுல போய் உக்கார ஒரு மாதிரியா இருக்குதுங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டான்.

“ஒண்ணு கேக்கலாமுங்களா சார்? நீங்க எதுக்குங்க சார் இதப் படிச்சீங்க?”

எழுபதுகளில் கல்லூரியில் சேரும்போது நான் கேட்டது மின்னணுவியல். மதிப்பெண் போதவில்லை. இயந்திரவியல் பிரிவில்தான் இடம் இருந்தது. அலுவலக எழுத்தர் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காரணத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

“ஆர்வம்தான்” என்றேன்.

“அதானுங்க சார். இல்லாட்டி இத்தன கஷ்டமான பாடத்த யாரு எடுப்பாங்க” என்று தலையாட்டினான்.

கேலியோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நம்பிவிட்டிருந்தான்.