ஆறாவது மாடிக் காற்று

தாராவி சிக்னலில், வண்டிப் புகையும் தூசியுமாக இருக்கும் காற்றில் எவ்வளவு ஈயம் கலந்திருக்கிறது என்று அளப்பது என் வேலை. அன்று மூச்சு முட்டியதால் கருவியை, புகை அவ்வளவாக எட்டாத எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடியில் வைத்துவிட்டு, சாலையோரம் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது, சிக்னலை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கும் ஆயிஷா அக்கா, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து டீ கொடுத்தார். “மிஷினு என்ன சொல்லுது தம்பி? உள்ள ஒரே வெக்கையா கெடக்கு. பிள்ளைய வாசல்ல போடலாமா?”

“ஈயம் கம்மிதான்க்கா. தாராளமா போடுங்க.”

அவர் தூளியை வெளியே கட்டினார். வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். தடுத்தால் என் பொய் தெரிந்துவிடும். டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

பொய் அறிக்கை எழுதும் அதிகாரிகளை நினைத்தாலே அதுவரை காறித் துப்புவேன். அவர்களாவது ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லவில்லை.