பிரதம விருந்தினர் கேட்ட கேள்வி

எங்கள் ஆட்கள் பட்டிமன்றம் வைத்தால், யாரும் அடிபடாமல் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் முதல் கவலை. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் அந்தக் கவலை இன்னும் அதிகம். எங்கள் நாட்டு ஜனாதிபதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மண்டபத்தில் பாதிப்பேர் எழும்பிப் போவார்கள், மீதிப்பேர் கதிரையைத் தூக்குவார்கள். கனடாவிலோ ஜனாதிபதியே கிடையாது. அதனால் பழைய மாணவர் சங்கம் ஒன்று அந்த வருடக் கலைவிழாவுக்கு அமெரிக்க ஜனாதிபதியைப் பிடித்துக்கொண்டது. அங்கே அது தேர்தல் வருடம். ‘அமெரிக்க ஜனாதிபதி கறுப்பினக் குடிமக்களுக்குத் தனியாகக் கடமைப்பட்டவரா, எல்லாருக்கும் பொதுவானவர் மட்டும்தானா?’ என்று தலைப்புப் போட்டார்கள். இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வராது என்று நம்பினார்கள்.

சங்கத்தின் தலைவர் என் அக்காவின் கணவர். ‘பொதுவானவர் மட்டும்தான்’ என்ற அணிக்கும் அத்தானே தலைவர். மேடையில் ஒரு பெண்ணாவது இருந்தால்தான் அழகு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அழகுக்காக எதிரணியில் கடைசிப் பேச்சாளராக என்னைப் போட்டார்கள்.

“நீர் ரெண்டு நிமிசம் கதைச்சால் காணும். பயப்பிடாதையும்,” என்றார் அத்தான்.

பயப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கிழமை கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது.

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் மஃபின் பெட்டிகளில் அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு நேரே நின்றவள் ஜமேக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். என் ஆங்கிலம் திக்கித் திணறிய முதல் மாதங்களில் மேலாளர் கத்தும்போதெல்லாம் எனக்காகத் திருப்பிக் கத்தியவள் அவள்தான். அவளும் ஹைஸ்கூலில் படிக்கும் அவளுடைய மகளும் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் அவர்கள் வெளியேற வேண்டும். மகளின் பள்ளிக்கூடம் வோபர்னில். அத்தானின் வீடும் வோபர்னில். அந்த வீட்டின் பேஸ்மென்ட் அப்போது காலியாகக் கிடந்தது. இதைவிட நல்ல பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று நான்தான் அத்தானின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்லவே தேவையில்லை, விளம்பரம் போட்ட வீடுதானே என்று அவள் சொன்னாள்.

தொலைபேசியில் அத்தான், பின்னேரம் வந்து பாருங்கள் என்றிருக்கிறார். அவள் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கதவைத் திறந்த அத்தான் இரண்டு பேரையும் கண்டதும், இப்போதுதான் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் மஃபின் அடுக்கிக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. மகள் பஸ்ஸில் முழுத்தூரமும் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள் என்று சொன்னபோதுதான் அவள் கை கொஞ்சம் நின்றது.

நான் அக்காவைக் கேட்டேன்.

“எங்கை எடுபட்டது? வெறுமையாத்தான் கிடக்கு,” என்றாள் அக்கா. “இவர் கறுப்பு ஆக்களுக்குக் குடுக்க மாட்டாராம். நான் என்ன செய்ய?”

அத்தானிடமே போனேன். அவர் ரீவி பார்த்துக்கொண்டு, திரும்பாமலே பதில் சொன்னார். அவர்களைக் குறிக்க அவர் வழக்கமாகப் பாவிக்கும் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“குடி வைச்சால் பிறகு எழுப்பேலாது.”

“நீங்கள் எப்ப வைச்சனியள், எப்ப எழுப்பினனியள்?”

“உமக்கு உது விளங்காது. போய்ப் பட்டிமன்றத்துக்கு ரெடி பண்ணும்.”

ரெடி பண்ணினேன். என்ன செய்தேன் என்றால், வேலைக்குப் போய் அவளிடம், ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் பேசுகிறேன், நீ வந்து முன்னுக்கு இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்றேன். தமிழில் நடக்கும் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டாள். கைதட்டுகிற வேலை என்றேன். சேர்ச் முடிந்து நேரே வருகிறேன் என்றாள். அத்தானுக்கும் எனக்கும் என்ன உறவு என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். மண்டப வாசலில் அவளைப் பார்த்துவிட்டு அத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான் என் திட்டம். மற்றதெல்லாம் எங்கள் ஆட்கள் தாங்களாகச் செய்தது.

பள்ளிக்கூட மண்டபம் நிரம்பிவிட்டது. பிரதம விருந்தினராக வருகிறேன் என்று சொன்ன நகரசபை உறுப்பினரைக் காணவில்லை. குத்துவிளக்கு காத்துக்கொண்டிருந்தது. செயற்குழுவினர் வாசலையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் நீல நிறக் கோட்டும் பாவாடையும், அதே நீலத்தில் அகலமான தொப்பியும், வெள்ளைக் கையுறையுமாக என் சிநேகிதி உள்ளே வந்தாள். தமிழர் அல்லாத ஒருவர் நல்ல உடுப்போடு எங்கள் விழாவுக்கு வந்தால் அவர் பிரதம விருந்தினர். அதற்கு வேறு விளக்கம் எங்களுக்குத் தெரியாது. உறுப்பினர் தனக்குப் பதிலாக அலுவலகத்தில் இருந்து ஆளை அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பன்னீர் தெளித்தார்கள். சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நாதஸ்வரக் கசெற்றைப் போட்டு அவளை நடத்திக்கொண்டு போனார்கள். அவள் போகிற போக்கில் மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்பதுபோல் தலையாட்டினாள். ஓடிப்போய், ஐயா இது என்னோடு வேலை செய்கிற பெண் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். இப்படி ஒரு சந்தோசத்தைக் கெடுக்க நான் என்ன பைத்தியமா?

அவள் குத்துவிளக்கை ஏற்றினாள். பிறகு சங்கத் தலைவர் பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார் என்று அறிவித்தார்கள். அத்தான் பட்டுவேட்டி சரசரக்க வந்து, இரண்டு கையாலும் பொன்னாடையை விரித்து, குனிந்து, அவள் தோளில் போர்த்தி, கும்பிட்டார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அன்று வீட்டு வாசலில் அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்தது. தொப்பி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவளும் கும்பிட்டாள், மிக மரியாதையாக.

பட்டிமன்றம் தொடங்கியது. அத்தான் முன்வரிசையைப் பார்த்தார். பொன்னாடையோடு ஒரு கறுப்பினப் பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் கட்டி வைத்திருந்த பகிடிகள் ஒவ்வொன்றாக விழுங்கப்படுவதை நான் கண்ணால் கண்டேன். ஒரு இடத்தில் வழக்கமான அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து, “கறுப்பினப் பெருமக்கள்” என்று வெளியே விழுந்தது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர், சமாளித்துவிட்டார். “நடுவர் அவர்களே! தனியாகக் கொடுப்பது அவர்களுக்கு அவமானம். கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. உள்ளே வருவது அவரவர் கெட்டித்தனம். கதவைத் திறந்து வைப்பதோடு ஒரு ஜனாதிபதியின் கடமை முடிந்தது!” என்று முடித்தார். பெரிய கைதட்டு.

என் முறை வந்தது. மேடைத்தமிழில்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வசனத்தில் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும்.

“நடுவர் அவர்களே, கதவு திறந்திருக்கு எண்டு எதிரணித் தலைவர் சொல்லுறார். எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டு எங்கடை நாட்டு ஜனாதிபதிமாரும் சொன்னவைதானே? அப்பிடி நல்லாயிருந்த இடத்தை விட்டிட்டு நாங்கள் ஏன் இந்தக் குளிருக்கை வந்து நிக்கிறம்?”

மண்டபம் நிமிர்ந்து இருந்தது. சண்டை வரும் என்று பயந்து ஒதுக்கிவைத்த ஜனாதிபதியை நான் பின்கதவால் கொண்டுவந்துவிட்டேன். ஒருவரும் கதிரையைத் தூக்கவில்லை.

“எதிரணித் தலைவர் கனடாவுக்கு வந்த புதிதிலை டோர்செட் பார்க்கிலை ஒரு பில்டிங்கிலை வீடு கேட்டுப் போனவர். போனிலை வாங்கோ எண்டவன், முகத்தைக் கண்டோடனை இல்லை எண்டிட்டான். இவர் அங்கையே நிண்டு சத்தம் போட்டவர். இந்தக் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும்தானே?”

எல்லாருக்கும் தெரியும். அத்தான் அந்தக் கதையைச் சொல்லாத பிறந்தநாள் விழா ஸ்காபரோவில் நடந்ததில்லை. சிரிப்பும் கைதட்டும் ஒன்றாக வந்தன. அத்தானும் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

“அண்டைக்கு உங்களுக்கு அந்தக் கதவும் திறந்துதான் கிடந்தது. திறந்தவன்தான் பிறகு சாத்தினவன். சாத்தினவைக்கு ஒரு கடன் இருக்கு. ஜனாதிபதி எண்டாலும் இருக்கு, வீட்டுக்காரர் எண்டாலும் இருக்கு.”

அத்தானின் தலை ஆடுவது நின்றது. பேஸ்மென்ட் என்ற சொல் என் வாயில் தயாராக நின்றது. கீழே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்து இருந்துவிட்டேன்.

நடுவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். தீர்ப்புக்கு முன் பிரதம விருந்தினர் இரண்டு வார்த்தை பேசுவது மரியாதை என்று ஆங்கிலத்தில் அவளை அழைத்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். அவள் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு முன்னால் வந்தாள். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரல்.

“நான் யாருடைய பிரதிநிதியும் இல்லை. என் சிநேகிதி பேசுவதைக் கேட்க வந்தேன். இந்த மரியாதைக்கு நன்றி, என் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. உங்கள் பேச்சு எனக்கு விளங்கவில்லை. அமெரிக்க ஜனாதிபதி என்ன செய்யவேண்டும் என்பது அங்கே இருப்பவர்கள் பாடு. எனக்கு இதைப் போர்த்திய ஐயாவிடம் மட்டும் ஒரு கேள்வி இருக்கிறது.” அத்தானின் பக்கம் திரும்பினாள். “ஐயா, போன கிழமை என் மகளோடு உங்கள் வாசலுக்கு வந்தேன். பேஸ்மென்ட் கொடுத்தாகிவிட்டது என்றீர்கள். உண்மையிலேயே கொடுத்தாகிவிட்டதா?”

நான் ஒரு எழுத்துக்கூட விடாமல் தமிழில் சொன்னேன். தேவையே இல்லை. எல்லாருக்கும் ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது.

அத்தான் எழும்பினார். மைக்குக்கு வர அவருக்கு வெகுநேரம் எடுத்தது. மேடைத்தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கடைசியில் அவளைப் பார்த்து, இந்த முறை முகத்தைப் பார்த்து, “நோ. இட் இஸ் எம்ப்டி. ஐ டோல்ட் எ லை,” என்றார். பிறகு சபையைப் பார்த்து, “பொய் சொன்னனான்,” என்றார்.

முதலில் கைதட்டியது அக்கா. பிறகு மண்டபமே இடிந்து விழும்போல் தட்டினார்கள். நடுவர் எழும்பித் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார். ஒருவரும் கேட்கவில்லை. வெற்றி எங்கள் அணிக்கு என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெற்றி இப்படி அழவைக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே அத்தான் அவளுக்குப் போன் எடுத்து வரச்சொன்னார். அவள் உடனே ஓம் சொல்லவில்லை. மகளோடு வந்து சுற்றிப் பார்த்தாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, படிக்கு வெளிச்சம் காணாது, இரண்டையும் திருத்துங்கள், மகளோடு யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். அத்தான் அன்றே குழாயைக் கழற்றிப் போட்டார். அந்தக் கிழமை முழுவதும் எனக்குப் போன்மேல் போன்.

“பிள்ளை, அவ என்ன சொன்னவ? வேறை எங்கையும் பாக்கிறாவோ?”

“தெரியாது அத்தான். கதவு திறந்திருக்குதானே, வருவா,” என்றேன்.

கடைசியில் மகள்தான் ஓம் சொன்னாள். வந்தார்கள், இருந்தார்கள். மகள் பல்கலைக்கழகம் போகும்வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள்.

அத்தானுக்குப் பிறந்தநாள் விழாக்களில் சொல்ல இப்போது இரண்டு கதைகள். டோர்செட் பார்க்கில் சத்தம் போட்டது ஒன்று. மேடையில் வைத்தே ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு வீடு கொடுத்தது மற்றது. இரண்டிலும் கதாநாயகன் அவர்தான். அக்காவின் மகளுக்குப் பத்து வயது ஆனபோதும் அந்த இரண்டாவது கதையைத் தொடங்கினார், வந்திருந்த புது ஆட்களுக்காக ஆங்கிலத்தில். என் சிநேகிதி பக்கத்துக் கதிரையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். பொன்னாடை வரை அவரைச் சொல்லவிட்டாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, “ஐயா, வாசலில் இருந்து தொடங்குங்கள்,” என்றாள்.

அவளுடைய மகளும் நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். பிறகு கதையை வாசலில் இருந்து தொடங்கினார்.