வெள்ளிக்கிழமை வீரையா

பாதாளக் கோயிலின் வாசல் வந்ததும் காளிதாசன் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுகிறார். உண்மையில் அங்கே கோயிலும் இல்லை, வாசலும் இல்லை. அது கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் ஜலீல் பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடை மாடி. “இருட்டா ஒரு கோயில், உள்ள என்னமோ மூச்சு விடுது” என்று வாணி டீச்சர் சொன்னதுதான் தாமதம், அவருடைய கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்துவிட்டது.

விளையாட்டு இதுதான். டீச்சர் கதை சொல்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு கற்பனை வீரனை வைத்துக்கொண்டு, அவன் இப்போது என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். காளிதாசனின் பகடை வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. அவர் கைபட்டுக் கைபட்டு இப்போது மஞ்சளாகிவிட்டது.

அவர் மெர்போக்கிலிருந்து மோட்டாரில் வந்து பட்டணத்தில் மசாலை மில் நடத்துகிறவர். மிளகாய், மல்லி, மஞ்சள் என்று எதையாவது மில் அரைத்துக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. வாடிக்கையாளர்களிடம் விரலாலும் புருவத்தாலும்தான் பேச்சு. புருவத்திலும் ஒரு படி மசாலைத்தூள் இருக்கும். “ஆறு நாளு மெஷினு பேசுது. ஒரு நாளாச்சும் நான் பேச வேணாமா லா?” என்பார்.

பேசுகிறார், வாய் வலிக்கப் பேசுகிறார். அவருடைய வீரன் பெயர் வீரையா. ‘வீரையா போகிறான்’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், ‘நான் போறேன்’தான். வீரையாவுக்கு மூட்டுவலி உண்டு, ஓநாயிடம் பயம் உண்டு, ராஜாக்களைக் கண்டால் ஆகாது. ஜும்மா தொழுகை முடிந்து ஜலீல் பாய் வந்த பிறகுதான் ஆட்டம் என்பதால் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் விளையாடுவார்கள். காளிதாசன் வெள்ளிக்கிழமை சைவம். ஆகவே வீரையாவும் சைவம். மான்கறி தவிர வேறெதுவும் தெரியாத அந்தப் பனிநாட்டுச் சத்திரக்காரர்கள் இரண்டு வருடமாக இவருக்குக் கீரை தேடி அலைகிறார்கள். டீச்சரும் சலிக்காமல் தேடிக் கொடுக்கிறார்.

சலித்துக்கொள்கிறவன் தினேஸ்வரன். கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞன். ஆட்டம் முடிந்து ஷிஃப்டுக்கு ஓட வேண்டியவன். அவனுக்கு எல்லாமே வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பூதம் வந்தால் அடிக்க வேண்டும், பகடை உருள வேண்டும், எண்கள் ஏற வேண்டும். அவனுடைய வாள்வீரன் பெயர் பிளேட். காளிதாசன் அவனைப் ‘பிளேடு தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பிளேட் ஒருநாள் மலைநாகத்திடம் செத்துப்போனான். பகடையில் ஒன்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தினேஸ்வரன் தோளைக் குலுக்கிவிட்டு, ஜலீல் பாய் தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் ஒரு மந்திரவாதியை உருவாக்கித் தயாராக உட்கார்ந்துவிட்டான். எதிரே பார்த்தால் காளிதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளி முழுக்கப் பிளேட்டின் இறுதிச்சடங்கு. புதைப்பதா எரிப்பதா என்று பாயும் இவரும் நெடுநேரம் ஆலோசித்து, கடைசியில் தினேஸ்வரனிடமே கேட்டார்கள்: உன் ஆள் எந்தச் சாமியைக் கும்பிடுவான்? “அவன் லெவல் ஃபைவ் ஃபைட்டர் லா, வேற ஒன்னும் தெரியாது” என்றான் அவன். எரித்தார்கள். அதோடு விட்டாரா? பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீரையா வாளைத் தொட மாட்டான் என்றுவிட்டார். துக்க வீட்டில் வந்து நிற்கும் புது மந்திரவாதியை வீரையா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூதங்கள் வந்தன, வீரையா கைகொடுக்காமலேயே மந்திரவாதி சண்டை போட்டான். தினேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அண்ணே, நான் இங்க உயிரோடதான் உக்காந்திருக்கேன். என்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க, செத்தவனுக்கு அழுவுறீங்க. இப்படியே போனா நான் வரல.”

அவன் போனபின் டீச்சர் பக்குவமாகத்தான் சொன்னார். அவனுக்கு அது விளையாட்டு, உங்களுக்கு அது வாழ்க்கை, இரண்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, அவன் நின்றுவிட்டால் இரண்டு பேரை வைத்துக் கதை நடத்த என்னால் முடியாது. காளிதாசன் தலையை ஆட்டினார். அந்த வாரம் மில்லில் மல்லி தீய்ந்துபோனதாகக் கேள்வி. பாவம், இந்த மேசையை விட்டால் அந்த மனிதருக்குப் பேச வேறு இடம் கிடையாது.

அடுத்த வெள்ளி, டீச்சர் ஃபோன் செய்து கெஞ்சியதால் தினேஸ்வரனும் வந்தான். காளிதாசன் ஆட்டத்தைத் தொடங்கினார். “அடிக்கிறேன். பதினாலு.” அடுத்த முறை: “அடிக்கிறேன். ஒம்பது.” மீட்டர் படிக்க வந்த ஆள் கூட இதைவிடக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு படிப்பான். மூட்டுவலி இல்லை, ஓநாய் பயம் இல்லை. சத்திரக்காரன் மான்கறியை வைத்தபோது, “சரி” என்றார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். காய்ச்சலா என்று பாய் கேட்டார். தினேஸ்வரன் ஆசைப்பட்டபடியே பூதங்கள் மளமளவென்று விழுந்தன. ஆனால் யாரும் கைதட்டவில்லை. அவனுக்கே உப்புச்சப்பில்லாமல் இருந்தது. பகடையை எடுத்தான், உருட்டவில்லை.

“அண்ணே.”

“ம்.”

“ஒங்க ஆளு என் ஆளோட பேரக் கூட இன்னும் கேக்கல.”

காளிதாசன் தன் பகடையைக் கீழே வைத்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சத்திரத்தில் அடுப்பு எரிகிறது, வெளியே பனி கொட்டுகிறது, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார்.

காளிதாசன் தொண்டையைக் கனைத்தார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. “நான் வீரையா. ஒரு பங்காளிய பறிகுடுத்துட்டு நிக்கிறேன், அதான் மொகம் குடுத்துப் பேசல. தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பேரு?”

தினேஸ்வரன் மந்திரவாதிக்குப் பெயர் வைத்திருக்கவே இல்லை. கூரையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், அவசரத்துக்கு ஒன்றும் அகப்படாமல் தன் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டான்.

“பரஞ்சோதி.”

காளிதாசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மூட்டைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பனிநாட்டு வழக்கம் என்னவோ, அவருக்குத் தெரிந்தது கெடாவில் கைகொடுக்கும் வழக்கம். மேசைக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டி, அந்தப் பையனின் விரல்களை மெல்லத் தொட்டு, தொட்ட கையைக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.