அம்மா நடிகையின் பல்செட்

பாளையங்கோட்டையில் நான் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஒரு நாள் காலை, சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி ஓர் அம்மா உள்ளே வந்தார். எங்கேயோ பார்த்த முகம். என்னிடம் வேலை பார்க்கும் பெண் காதருகே குனிந்து, “சீரியல்ல மருமகளைப் பாடாப் படுத்துவாவல்லா, அந்த மாமியாரு” என்றாள்.

மேல்வரிசையில் முன்பற்கள் போய்விட்டிருந்தன. மிச்சமும் ஆடின. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் வைக்கலாம் என்றேன். வலிக்குமா, முறுக்கு கடிக்கலாமா என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

“வச்சா பேச்சு குளறுமா டாக்டரம்மா?”

“கொஞ்ச நாள் இருக்கும். பழகிரும்மா.”

“அதுக்குள்ள பழகணுமே. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு படம் எடுக்கப் போறாவ. அதுல எனக்கு வசனம் இருக்கு.”

பல் எடுத்து, புண் ஆறி, அச்செடுப்பதற்குப் பல தடவை வர வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் நான் எதையாவது கேட்பேன். வாயில் அச்சுப் பசை இருக்கும்போது பேச்சு பாதியில் நிற்கும். எடுத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

அவருடைய அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது இவருக்குக் குரல் கனம் என்று கிழவி வேஷம் கொடுத்தார்களாம். அதைப் பார்த்த ஒரு நாடகக் குழுக்காரர் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார். இவர் போய்விட்டார். அப்பா இவரோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் ஊர் ஊராகத் துணைக்குப் போனாராம்.

“கதாநாயகியா ஒரு தடவைகூட நடிக்கலையா?”

“இந்தக் குரலை வச்சுக்கிட்டா? இருபது வயசுலயே நரைமுடி வச்சு விட்டுட்டாவ. எனக்கு மகனா நடிச்சவரு என்னைவிடப் பெரியவரு. பொறவு அவரைத்தான் கட்டிக்கிட்டேன்.”

நான் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

“சிரிக்காதம்மா. விக்கிரமசிங்கபுரத்துல மில்லுக்காரங்க முன்னால நாடகம். கல்யாணம் ஆன விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. மகனேன்னு நான் அவரைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். கூட்டம் விசிலடிச்சுச் சிரிக்குது. மறுநாள்லேர்ந்து அவருக்கு வில்லன் வேஷம்.”

சினிமாவில் தொடக்க காலத்தில் சுவரில் மாலை போட்ட புகைப்படமாகவே பல படங்களில் இருந்திருக்கிறார். பிறகு கதாநாயகனுக்குச் சோறு போடும் அம்மா. வயதான பிறகு சீரியல் மாமியார். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பெண் அடிக்க வந்ததைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. கணவர் இறந்த மறு வாரமே படப்பிடிப்புக்குப் போனதையும் சொன்னார். “வீட்டுல இருந்தா அழுகையே வரல. அங்கன போனதும் வந்துட்டு” என்றார்.

மெழுகில் வைத்த பல்லைப் பொருத்திப் பார்க்கும் நாளன்று நாற்காலியை விட்டு எழுந்து நின்று, மைக் இல்லாத மேடையில் பேசுவதுபோல ஒரு நீள வசனத்தைப் பேசினார். வெளியே பல் பிடுங்கக் காத்திருந்த ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

“‘ச’ சொல்லும்போது காத்துப் போகுது, கவனிச்சியா?”

கவனித்திருந்தேன். முன்பற்களைச் சற்று உள்ளே தள்ளி வைத்தேன். மறுபடி பேசினார். சரியாக வந்தது.

படப்பிடிப்பைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். ஆற்றங்கரை வாழைத்தோட்டம். இயக்குநர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். இந்த அம்மா சிரித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“பல் எப்பம்மா வெச்சீங்க? அந்த ஒட்டிப்போன கன்னத்துக்காகத்தானே உங்களைக் கேட்டேன்!”

எனக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று.

“இதுக்கா இப்படி முழிக்கீங்க?” என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். கன்னம் உள்ளே போயிற்று. மகனை எதிர்பார்த்து வாழைகளுக்கு நடுவே நடந்து வந்து பேசினார். எங்கள் எல்லார் கண்ணும் கலங்கியது. ஆனால், ஒலிப்பதிவு செய்தவர் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

“வாயசைச்சிட்டேன்லா? குரலைப் பொறவு டப்பிங்ல பல்லோட பேசித் தாரேன்” என்றார்.

இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

படத்தைத் திருநெல்வேலி தியேட்டரில் பார்த்தேன். அந்தப் பொக்கை வாயிலிருந்து ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவே இல்லை. நான் மட்டும் கதையில் மனம் நிற்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மறுபடி வந்தார். புதுப் படமாம், நீதிபதி வேஷமாம். “பிள்ளையே இல்லாத வேஷம் எனக்கு இதுதாம்மா முதல் தடவை. நீதிபதி எப்படி உக்காருவாவ, பார்த்திருக்கியா?”

பார்த்ததில்லை. அடுத்த வாரம் இருவரும் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். நீதிபதி நடுத்தர வயதுப் பெண். வக்கீல் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னை முழங்கையால் பைய இடித்தார்.

“பாரு, அவ்வளவையும் கேக்காவ. முகத்துல ஒண்ணையும் காட்ட மாட்டேங்காவ. நான் இத்தனை வருஷம் செஞ்சதுக்கு நேர்மாறுல்லா இது!”

மதிய இடைவேளை வரை அவர் எழுந்திருக்கவில்லை.